மேசைக்கு அடியில் ஒரு வேலை

மாதிரி ரயில் செய்யத் தெரியும் என்று ஒருவர் வேலை கேட்டு வந்தால், அவர் செய்த மலையையும் மரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். மேசையைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒயர்கள் கட்டுக்கட்டாக ஒழுங்காகப் போகின்றனவா, ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறதா, இணைப்புகள் கைக்கு எட்டுகின்றனவா? எல்லாம் சரி என்றால் ஆளை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அப்படி எடுக்கப்பட வேண்டிய ஆளுக்காக. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, கையில் சால்டரிங் அயர்னும் தலையில் ரயில் பைத்தியமுமாகத் திருவனந்தபுரம் தம்பானூரிலோ நாகர்கோவிலிலோ இருக்கிற ஆளுக்காக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் நம்பி மாதச் சம்பளம்போல் வருமானம் வரும் என்று யாரும் வீட்டில் வாக்குக் கொடுக்க வேண்டாம். கண்காட்சி வேலை, கட்டட மாதிரி, கல்லூரி லேப் உபகரணம் ஆகியவற்றோடு சேர்த்துச் செய்கிறவர்களுக்கே இது கட்டுப்படியாகும். ஆனால் சேர்த்துச் செய்தால் நல்ல வேலை. ஓடுகிற மாதிரியைச் செய்து, ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

வேலை கொடுக்கிறவர்கள் யார்? ரயில்வேயின் பயிற்சி நிலையங்களில் 'மாடல் ரூம்' என்று ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டராகப் போகிறவர்கள் பாயிண்ட்டையும் சிக்னலையும் குட்டித் தண்டவாளத்தில் இயக்கிப் பழகும் இடம் அது. உதய்பூரிலும் புசாவலிலும் உள்ள மண்டலப் பயிற்சி நிலையங்களின் மாடல் ரூம்கள் பேர்போனவை. 1957-இல் செகந்திராபாத்தில் தொடங்கிய இரிசெட், சிக்னல், தொலைத்தொடர்புத் துறைக்கென்றே இருக்கிற பயிற்சி நிறுவனம். பொதுமக்கள் பார்ப்பதற்கென்றால் புணே கோத்ரூடில் பாவு ஜோஷி உருவாக்கி 1998-இல் திறந்த மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. தொழிலுக்கு வருகிறவர் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும். நாள் முழுக்க ரயிலை ஓட விடுவதில்லை, காட்சி நேரம் வைத்து நடத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். திருவனந்தபுரத்திலேயே பி.எம்.ஜி. பக்கத்தில் அறிவியல் அருங்காட்சியகம், 1939-இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி, பள்ளிகளின் டிங்கரிங் லேப், ஓணம் வாரத்தில் கனகக்குன்னு வளாகத்தில் களைகட்டும் அரங்குகள் என்று கதவு தட்ட இடங்கள் உண்டு. அரசு வேலை என்றால் பெரும்பாலும் டெண்டர்தான். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் அந்தப் பக்கம் போவது கடினம். ஆரம்பத்தில் ஒரு கண்காட்சி கான்ட்ராக்டரிடம் உள்வேலை எடுத்துச் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அளவு எடுப்பதற்கு முன்

உலகத்தில் அதிகம் விற்கும் அளவு எச்.ஓ., அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அடுத்தது 'என்' (N) அளவு, 160-இல் ஒரு பங்கு, 9 மில்லிமீட்டர். கண்காட்சிக்கு எச்.ஓ. எடுங்கள். 'என்' அளவு அழகுதான். ஆனால் குழந்தைகள் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது எஞ்சின் எது, பெட்டி எது என்றே தெரியாது. சிறு தூசிக்கும் வண்டி நின்றுவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கான 16.5. ஆகவே எச்.ஓ.வில் ஓடும் எல்லா இந்திய வண்டியும் கொஞ்சம் கால் ஒடுக்கியே நிற்கும். இதைப் பார்த்ததும் கண்டுபிடித்துச் சொல்லும் ரயில்வேக்காரர் ஒருவர் எந்தக் கண்காட்சிக்கும் வருவார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பழைய காலத்தைச் செய்தால் தப்பிக்கலாம். 1918-இல் கொல்லத்திலிருந்து சாக்கை வரை வந்த பாதையும், 1931-இல் தம்பானூரில் திறந்த நிலையமும் மீட்டர் கேஜ் காலத்தவை. 1976-இல்தான் பிராட் கேஜ் வந்தது. 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. வெளிநாட்டு மீட்டர் கேஜ் மாதிரிகளுக்கென்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகவே விற்கிறது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தோடு கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதையைச் செய்தால் அளவும் பொருந்தும், பார்க்கிறவர் கண்ணும் நிற்கும். 1904-இல் திறந்த அந்தப் பாதையில் புனலூர்–செங்கோட்டைப் பகுதி மீட்டர் கேஜ் 2010-இல் நின்றது. அதில் பயணம் செய்தவர்கள் இரண்டு மாநிலத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கூட்டம் தானாக வரும்.

நிலையத்தை முழு நீளத்தில் செய்ய ஆசைப்படாதீர்கள். எல்.எச்.பி. பெட்டி ஒன்று 24 மீட்டர், மாதிரியில் 27 சென்டிமீட்டருக்கு மேல். இருபது பெட்டி கோர்த்தால் ஐந்தரை மீட்டர். எந்த அரங்கில் இவ்வளவு இடம் கொடுப்பார்கள்? ஐந்து பெட்டி, ஓர் எஞ்சின், அதற்கேற்ற பிளாட்பாரம் போதும். நீளப் பெட்டி ஓட வேண்டும் என்றால் வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் இரண்டரை மடங்காவது இருக்கட்டும். 27-க்கு 67 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் பெட்டி வெளியே துருத்தும், மூலை பக்கத்து லைனில் போகும் வண்டியில் இடிக்கும்.

பலகை

பலகையை நான்கு அடிக்கு இரண்டு அடித் துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணைப்பதே வழி. லிஃப்டில் ஏறும், ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்தும் கொண்டுபோகலாம். மேல்புறத்துக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து. பிளைவுட்டுக்கு நாட்டிலேயே பேர்போன பெரும்பாவூர் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் விலை கேட்டுவிட்டு மலிவான கமர்ஷியல் பலகையை வாங்கி வருகிறவர்கள், இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இரண்டு வாரம் அடித்ததும் பலகை அப்பளம்போல் வளைவதைப் பார்ப்பார்கள். சட்டத்துக்கு மரத்தைவிட அலுமினியச் செக்‌ஷன் நல்லது. கரையானும் தொடாது.

தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெயிலில் உலோகம் நீளும் என்பது காரணமாகச் சொல்லப்படும். இருபது டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். இந்த ஊரில் அதைவிட ஆட்டம் காட்டுவது மரம், ஈரத்தில் உப்பியும் ஏ.சி.யில் சுருங்கியும். பலகையின் எல்லா முகங்களுக்கும், அடிப்பக்கம் உட்பட, இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்துவிட்டுத் தண்டவாளம் போடுங்கள். மேலே மட்டும் பெயின்ட் அடித்து அடியைச் சும்மா விடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது.

கண்காட்சிக்கு 'கோட் 100' எனப்படும் 2.54 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளம் எடுங்கள். மெல்லியது அழகு, தடியானது உழைப்பு. பித்தளைத் தண்டவாளம் மலிவாக வந்தாலும் வேண்டாம். கறுத்துப்போனால் மின்சாரத்தைத் தடுக்கும்.

ஜல்லிக்குக் கருங்கல் தூளைச் சலித்துப் போடலாம். ஆனால் வேளி, கொச்சுவேளி கடற்கரை மணலைக் காசில்லாமல் அள்ளி வரும் யோசனை வந்தால் அப்போதே விட்டுவிடுங்கள். அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது. கொச்சுவேளியில் டைட்டானியம் தொழிற்சாலை நடப்பதே கேரளக் கடற்கரையின் இந்தத் தாதுவை நம்பித்தான். மணல் ஆலைகளில் இல்மனைட்டைக் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறார்கள். உங்கள் எஞ்சினின் மோட்டாரிலும் காந்தம் இருக்கிறது. மணிகள் ஒவ்வொன்றாக ஏறி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், பல்சக்கரத்தைத் தின்னும். உப்பு வேறு. எந்தத் தூளானாலும் ஒரு தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மேலே நகர்த்திப் பாருங்கள். கறுப்பாக மீசை முளைத்தால் அந்தத் தூள் வேண்டாம்.

மின்சாரம்

230 வோல்ட் மேசைக்கு அடியில் வரவே கூடாது. பி.ஐ.எஸ். முத்திரையுள்ள, மூடிய அடாப்டர் சுவரோடு நிற்கட்டும். அங்கிருந்து 12 வோல்ட் மட்டும் மேசைக்கு வரட்டும். பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று அரங்கு கொடுப்பவரிடம் முதல் நாளே கேளுங்கள். குழந்தைகள் கை வைக்கிற இடம் இது. துலாவர்ஷ, அதாவது வடகிழக்குப் பருவமழை, மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குவது இயக்குபவரின் வேலை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தண்டவாளத்துக்கு ஒரு சப்ளை, பாயிண்ட்டுகளுக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றில் மாட்டினால் பாயிண்ட் திரும்பும்போதெல்லாம் நிலையத்து விளக்கு சிமிட்டும். பிறகு எது பழுது என்று கண்டுபிடிப்பது பாதி நாள் வேலை.

மேசை நீளத்துக்கு ஒரு ஜோடித் தடிமனான ஒயர் ஓட வேண்டும். பஸ் என்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி மெல்லிய ஒயர் மேலே ஏற வேண்டும். இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரத்தை அடுத்த துண்டுக்கு அனுப்புகிறவரிடம் முதல் மாதம் வண்டி ஓடும். பஸ்ஸுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுங்கள். பத்து மீட்டர் தூரத்தில் 3 ஆம்பியர் இழுத்தால் அதில் போய்வர இழப்பு 1 வோல்ட்டுக்குள் நிற்கும். அதே இடத்தில் 0.5 ஒயர் போட்டால் 2 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். கடைசி மூலையில் வண்டி சோர்ந்து ஊர்ந்தால் எஞ்சினைக் கழற்றாதீர்கள், ஒயரைப் பாருங்கள்.

டிஜிட்டல் கட்டுப்பாடு, அதாவது டி.சி.சி., போட்டால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம். பயிற்சி அறைக்கும் பெரிய அரங்குக்கும் சரி. பள்ளிக்கூட மேசைக்கு அது வீண் செலவு, சாதாரண டி.சி. போதும். டி.சி.சி. போட்டவர்கள் ஒரு சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். மேசையின் எந்த இடத்தில் வைத்தாலும் உடனே டிரிப் ஆக வேண்டும். ஓர் இடத்தில் ஆகவில்லை என்றால் அங்கே ஒயர் மெலிது, அல்லது இணைப்பு லூஸ். 5 ஆம்பியரும் 15 வோல்ட்டும் சேர்ந்தால் 75 வாட். தடம்புரண்ட எஞ்சினின் சக்கரத்தை உருக்க அது தாராளம்.

சால்டரிங்குக்கு ரெசின் கோர் ஈயம் மட்டும். தகர வேலைக்காரரிடம் கிடைக்கும் ஆசிட்டைத் தொடாதீர்கள். அது இந்தக் கடற்காற்றில் மூன்று மாதத்தில் இணைப்பைப் பச்சையாக்கிவிடும். ஸ்லீப்பர்கள் பிளாஸ்டிக். ஒயர் முனையிலும் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலும் முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டு, பிறகு ஒரு தொடலில் இரண்டையும் சேர்த்தால் ஸ்லீப்பர் உருகாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பச்சை ஒயரைப் பாயிண்ட்டுக்கோ விளக்குக்கோ போடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த மேசையைத் திறக்கப்போவது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் எலக்ட்ரீஷியன். அவருக்குப் பச்சை என்றால் எர்த். அவர் நல்லெண்ணத்தோடு அதை எர்த்தில் முறுக்கிவிட்டுப் போவார்.

பாயிண்ட் மோட்டாரில் காயில் வகை மலிவு. ஆனால் பட்டனை ஒரு குழந்தை விடாமல் அழுத்தினால் சில நொடியில் காயில் கருகும். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்றை நடுவில் போட்டால் ஒரே உதையோடு நின்றுவிடும். மெதுவாகத் திரும்பும் மோட்டாரோ சர்வோவோ போட்டால் பார்க்கவும் நிஜம்போல் இருக்கும். சர்வோ வாங்கும்போது உலோகப் பல்சக்கரம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சிக்னல் பொய் சொல்லக் கூடாது

சாதாரணப் பொம்மையும் தொழில் தெரிந்தவர் செய்ததும் பிரிவது இந்த இடத்தில்தான். பல மாதிரிகளில் சிக்னல் வெறும் அலங்கார விளக்கு. ஒரு ஸ்விட்ச் போட்டால் பச்சை, இன்னொன்று போட்டால் சிவப்பு. பயிற்சி நிலையத்துக்கோ கல்லூரிக்கோ இதைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.

மெயின் லைனும் லூப் லைனும் பிரிகிற ஒரு பாயிண்ட்டை எடுத்துக்கொள்வோம். நாக்குத் தண்டவாளங்களை அசைக்கும் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மைக்ரோஸ்விட்சை, அதன் நெம்பு மெல்லத் தொடும்படி திருகி வையுங்கள். பாயிண்ட் மெயின் லைனுக்கு முழுதாகத் திரும்பி ஒட்டினால் மட்டும் முதல் ஸ்விட்ச் அழுந்த வேண்டும். லூப்புக்கு முழுதாகத் திரும்பினால் இரண்டாவது. நடுவில் நின்றால் இரண்டுமே அழுந்தக் கூடாது. இப்போது ஹோம் சிக்னலின் ரிலேக்குப் போகும் மின்சாரத்தை முதல் ஸ்விட்ச் வழியாகவும் ஆபரேட்டரின் பட்டன் வழியாகவும் தொடராக அனுப்புங்கள். ரிலே பிக்-அப் ஆனால் பச்சை. டிராப் ஆனால், பின் கான்டாக்ட் வழியாகச் சிவப்பு. ஒரு கல்துகள் நாக்கில் மாட்டிப் பாயிண்ட் பாதியில் நின்றால், ஸ்விட்ச் அழுந்தாது, ரிலே பிக்-அப் ஆகாது, ஆபரேட்டர் எவ்வளவு அழுத்தினாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். ஒயர் அறுந்தாலும் சிவப்பு. பெரிய ரயில்வேயில் கடைப்பிடிக்கும் விதியும் இதுவே. எது கெட்டாலும் பாதுகாப்பான பக்கம்தான் விழ வேண்டும்.

வாடிக்கையாளர் முன்னால் செய்துகாட்ட வேண்டியது ரயில் ஓடுவதை அல்ல. நாக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டுப் பச்சை கேளுங்கள். சிக்னல் மறுக்கட்டும். சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர் அந்த அறையில் இருந்தால் உங்கள் பேரைக் கேட்பார்.

விளக்குக்கு எல்.இ.டி. 12 வோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 10 மில்லியாம்ப் அளவில் ஓடும். அதற்கு மேல் பளிச்சென்று எரிய வேண்டியதில்லை. குட்டிச் சிக்னல் ஹெட்லைட்போல் கண்ணைக் குத்தினால் மாதிரி கெட்டது.

உப்பும் ஒப்படைப்பும்

வேளியில் 2020 நவம்பரில் சூரிய மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய குட்டி ரயிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டரை கிலோமீட்டர் பாதை, நீராவி எஞ்சின் வேஷம், செயற்கைப் புகை. ஆள் ஏறும் அளவு என்பதால் நம் மேசை வேலைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கடலும் காயலும் சேருகிற அந்த இடத்தில் போய் நின்று, திறந்த வெளியில் இருக்கிற எந்த இரும்புத் திருகையும் கிட்டப் பாருங்கள். இந்த நகரத்தில் மேசைக்கு அடியிலும் அந்தக் காற்றுதான் வருகிறது. மூடிய வகை மைக்ரோஸ்விட்ச், பொன்முலாம் பூசிய கனெக்டர், துருப்பிடிக்காத திருகு, கன்ட்ரோல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம்: இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவை எஸ்டிமேட்டில் தனி வரியாகவே காட்டுங்கள். கேட்டால் காரணம் சொல்லுங்கள். குறைக்கச் சொன்னால் மலையின் உயரத்தைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

ஜல்லி ஒட்டுவதற்கு முன் முழு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய பிறகு தண்டவாளத்தைத் திருத்துவது என்பது பிய்ப்பதுதான். பஸ் ஒயரைப் பகுதி பகுதியாக டெர்மினல் பிளாக்கில் பிரித்து வைத்திருந்தால் ஷார்ட் தேடுவது எளிது. நடுவில் கழற்றுங்கள், எந்தப் பாதியில் ஷார்ட் நிற்கிறதோ அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். மல்டிமீட்டரோடு தரையில் படுத்து ஒவ்வொரு அங்குலமாகத் தேட வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்துக்குச் செய்தால் வண்டி ஓயாமல் ஓடக் கூடாது. பார்வையாளர் பட்டனை அழுத்தினால் மூன்று நிமிடம் ஓடி நிலையத்தில் நிற்கும்படி டைமர் போடுங்கள். மோட்டார் ஆயுள் கூடும். பட்டன் அழுத்திய பிள்ளைக்கும் ரயிலைத் தானே ஓட்டிய பெருமை. ஓர் எஞ்சின் ஓடும்போது இன்னொன்று அலமாரியில் ஓய்வாக இருக்கட்டும். வாரம் ஒன்று மாற்றுங்கள். வெளிநாட்டு எஞ்சின் பழுதானால் உதிரிப் பாகம் கஸ்டம்ஸ் தாண்டி வர மாதக்கணக்காகலாம். எனவே சக்கரம், கார்பன் பிரஷ், ஒரு முழு பாயிண்ட், இரண்டு பாயிண்ட் மோட்டார் ஆகியவற்றை விலையில் சேர்த்து முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உதிரிக்கு ஒதுக்குவது என் கணக்கு.

ஒயரிங் படத்தை லேமினேட் செய்து பலகையின் அடியிலேயே ஒட்டுங்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண். படத்திலும் அதே எண். ஒப்படைக்கும் நாளில் அங்கே வேலை பார்க்கும் அண்ணனோ சேச்சியோ யாராவது ஒருவரை உட்காரவைத்து, தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கவும், படத்தைப் பார்த்து ஓர் இணைப்பைக் கழற்றி மாட்டவும் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள். அவரால் முடிந்தால் வேலை முடிந்தது. முடியவில்லை என்றால் படத்தைத் திருத்தி வரைந்து மறுநாள் கொண்டுபோங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தனியாக, வருடக் கணக்கில் எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு வருகை: இடவப்பாதி ஓய்ந்து ஓணக் கூட்டம் வருவதற்கு முன் ஒன்று, துலாவர்ஷம் முடிந்து டிசம்பர் விடுமுறைக்கு முன் ஒன்று. இடையில் கூப்பிட்டால் தனிக் கட்டணம் என்பதையும், இடி விழுந்து போனவை ஒப்பந்தத்தில் சேராது என்பதையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.